கிளாரினெட் ஆசிரியர் எங்கே இருக்கிறார்?

பியானோ, வயலின், மிருதங்கம் சொல்லித் தருபவர்களை நம் அடுத்த புளோக்கிலேயே கண்டுபிடித்துவிடலாம். கிளாரினெட் என்று விசாரித்துப் பாருங்கள், பதில் வரச் சற்று நேரமாகும். இத்தனைக்கும் சிங்கப்பூரில் கிளாரினெட் வாசிப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. பள்ளி இசைக்குழுக்களில் முன்வரிசைகளை நிரப்புவதே அவர்கள்தான். ஆள் இருக்கிறார்கள், விளம்பரப் பலகைதான் இல்லை.

“பள்ளியிலேயே சொல்லித் தருகிறார்களே, தனிவகுப்பு எதற்கு?” என்று பெற்றோர் கேட்பது நியாயம்தான். இணைப்பாட நடவடிக்கையில் ஒரு பயிற்றுநர் ஒரே நேரத்தில் பல பிள்ளைகளைக் கவனிக்கிறார். அந்தக் கூட்டத்தில் ஒரு பிள்ளை கன்னத்தை உப்பவைத்து ஊதினாலோ, வாய்முனையை அளவுக்கு மீறிக் கடித்தாலோ எளிதில் தெரியாது. ஓராண்டு அப்படியே ஊதினால் அதுவே பழக்கமாகிவிடும். பிறகு மாற்றுவது, புதிதாகக் கற்பதைவிடக் கடினம்.

எங்கே தேடுவது? முதலில் பள்ளிப் பயிற்றுநரிடமே கேளுங்கள். அவருக்குத் தெரிந்த வாசிப்பாளர்கள் நிச்சயம் இருப்பார்கள். யோங் சியூ தோ இசைப்பள்ளி, நன்யாங் நுண்கலைக் கழகம் ஆகியவற்றில் பயிலும் மாணவர்கள் சிலர் வகுப்பு எடுப்பதுண்டு. ‘தி ஃபில்ஹார்மானிக் விண்ட்ஸ்’ போன்ற குழுக்களின் கச்சேரிக்குக் குடும்பத்தோடு செல்லலாம்; பிள்ளைக்கு நல்ல நாதம் எதுவென்று காது பழகும், வாசிப்பவர்களிடம் இரண்டு வார்த்தை பேசவும் வாய்ப்பு கிடைக்கும். காற்றுக் கருவிகளைப் பழுதுபார்ப்பவரையும் விட்டுவிடாதீர்கள். யார் எங்கே கற்றுத் தருகிறார் என்பது அவருக்கு அத்துப்படி.

ஆசிரியர் கிடைத்ததும், அவருடைய முதன்மைக் கருவி கிளாரினெட்தானா என்று கேளுங்கள். புல்லாங்குழலிலும் சாக்ஸஃபோனிலும் கீழ் ஸ்தாயியின் விரலமைப்பே பெரும்பாலும் மேல் ஸ்தாயிக்கும் பொருந்தும். கிளாரினெட்டில் அப்படியல்ல. மேலே தாவும்போது ஸ்வரம் ஒரு ஸ்தாயியையும் தாண்டிப் போய்விடும். தொடக்கக்காரர்கள் தடுமாறுவது அந்தத் தாவலில்தான். அதைக் கடந்து வந்தவருக்கே கற்றுத் தரும் வழி தெரியும்.

எந்த இசைக்காகக் கற்கிறோம் என்பதிலும் தெளிவு வேண்டும். கிளாரினெட் நமக்கு அந்நியக் கருவி அல்ல. சதிர்க் கச்சேரிகளிலேயே அது ஒலித்தது. அதில் கர்நாடக இசை வாசித்த ஏ.கே.சி. நடராஜனுக்கு 2008ல் சங்கீத கலாநிதி விருதும் 2022ல் பத்மஸ்ரீயும் கிடைத்தன. ஆனால் கமகம் பிடிக்கும் விரல் வேறு, இசைக்குழுவில் வாசிக்கும் விரல் வேறு. கர்நாடக இசைதான் விருப்பம் என்றால் கோயில் நாகசுரக் கலைஞர்களிடம் விசாரியுங்கள்.

முழுப் பருவத்துக்கும் பணம் கட்டுமுன் ஒரு வகுப்பு மட்டும் சென்று பாருங்கள். பிள்ளையை ஊதவிட்டு ஆசிரியர் கவனித்துக் கேட்கிறாரா? தானும் வாசித்துக் காட்டுகிறாரா? வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சியைத் தெளிவாகச் சொல்கிறாரா? ஒலிவாங்கி முன் அமரும் என் தொழிலில் பேசத் தெரிவதைவிடக் கேட்கத் தெரிவதே பெரிது. ஆசிரியருக்கும் அதுதான் அளவுகோல். வகுப்பு ரத்தானால் கட்டணம் உண்டா என்பதையும் முன்பே பேசிவிடுங்கள்.

ஏபிஆர்எஸ்எம் தேர்வில் எட்டு நிலைகள். ஆறாம் நிலைக்குச் செல்லுமுன் ஐந்தாம் நிலை இசைக் கோட்பாட்டிலோ அதற்கு ஈடான தேர்விலோ தேறியிருக்க வேண்டும். இலக்காக அது நல்லதே. ஆனால் ஆண்டு முழுக்க மூன்று தேர்வுப் பாடல்களை மட்டுமே உருப்போட வைக்கும் வகுப்பில் இசை வளராது.

கருவி வாங்க அவசரம் வேண்டாம். பள்ளி இரவல் தருகிறதா, கடையில் வாடகைக்குக் கிடைக்குமா என்று பாருங்கள். வாங்குவதென்றால் பி ஃபிளாட் பிளாஸ்டிக் கருவியும் 2 அல்லது 2½ எண் ரீடும் தொடக்கத்துக்குப் போதும்.

உயர்நிலைப் பள்ளியோடு கிளாரினெட்டை மூட்டை கட்டிவிட்டு இன்று வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் இளையர்களே, இதெல்லாம் உங்களுக்கும்தான். அலமாரி மேலிருக்கும் பெட்டியை இறக்கி, முதலில் பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள். திண்டுகளும் தக்கைகளும் காய்ந்து போயிருக்கும். அவற்றை மாற்றிக்கொள்ளலாம். நல்ல ஆசிரியர் யார் என்று அவரிடமே கேட்டுக்கொண்டும் வரலாம்.