உயிருள்ள வெள்ளை அணுவைப் படிக்கும் ராமன் ஒளி!

சளி, இருமல், மூச்சிரைப்பு. வாரக்கணக்கில் விடவில்லை என்றால் டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தருகிறார். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "ஈஸினோபில் கூடியிருக்கிறது" என்கிறார். இந்தப் பெயரைக் கேள்விப்படாத குடும்பம் அபூர்வம்.

ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களில் ஒரு வகைதான் ஈஸினோபில். நூறு வெள்ளை அணுக்களை எண்ணினால், அவற்றில் வழக்கமாக ஒன்று முதல் ஐந்தாறு வரை இவை இருக்கும். உடம்பில் புழுக்கள் புகுந்தாலும், ஆஸ்துமா, ஒவ்வாமை போன்றவை இருந்தாலும் எண்ணிக்கை ஏறும்.

இந்த அணுவுக்குள் விஷப் பொருள் அடைத்த சின்னஞ்சிறு பைகள் உள்ளன. அவற்றைப் புழுவின் மேல் கொட்டினால் புழுவுக்குச் சேதம். சுவாசக் குழாயில் கொட்டினாலோ சேதம் நமக்கு! காவல்காரன் கையில் உள்ள தடி திருடன் மேலும் விழலாம், வீட்டுக்காரன் மேலும் விழலாம்.

எத்தனை காவல்காரர்கள் இருக்கிறார்கள் என்பதை ரிப்போர்ட் சொல்கிறது. அவர்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதைச் சொல்வதில்லை. மைக்ராஸ்கோப்பில் வைப்பதற்காகக் கண்ணாடியில் தடவி, உலர்த்தி, சாயம் ஏற்றிய அணு செத்துப்போன அணு. செத்த அணு வேலை செய்யாது.

சாயம் வைத்த பெயர்

ஈஸினோபிலுக்கு அந்தப் பெயர் வந்ததே சாயத்தால்தான். 1879-ல் ஜெர்மன் விஞ்ஞானி பால் எர்லிக், 'ஈஸின்' என்ற சிவப்புச் சாயம் சில வெள்ளை அணுக்களில் மட்டும் நன்றாக ஒட்டுவதைக் கண்டார்.

1882-ல் ரஷ்ய விஞ்ஞானி மெச்னிகாஃப் வேறு வழியில் போனார். இத்தாலியின் மெஸ்ஸினா நகரில் தங்கியிருந்த அவர், உடல் முழுதும் கண்ணாடி போலத் தெரியும் நட்சத்திர மீன் குஞ்சுக்குள் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் காலையில் முள்ளைச் சுற்றி அணுக்கள் திரண்டு நின்றன. உயிருள்ள பாதுகாப்பு அணுக்கள் வேலை செய்வதை அவர் நேரில் பார்த்துவிட்டார்! 1908-ல் இருவருக்கும் நோபல் பரிசு பகிர்ந்து தரப்பட்டது.

ஆனால் உயிருள்ள அணு பெரும்பாலும் நிறமற்றது. டச்சு விஞ்ஞானி ஜெர்னிகே 1930-களில் கண்ட மைக்ராஸ்கோப் முறையில் அதன் உருவம் தெளிவாகத் தெரிந்தது. உள்ளே எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்பது தெரியவில்லை. பிற்காலத்தில் ஒளிரும் சாயங்களை உயிருள்ள அணுவுக்குள் ஏற்றிப் பார்த்தார்கள். பலன் பெரிது. என்றாலும், வெளியிலிருந்து ஒன்றைப் புகுத்தினால் அணுவின் இயல்பே மாறிவிடுமோ என்ற கவலை இருக்கத்தான் செய்தது.

ஆபீஸ் நேரம் போக

சாயமே இல்லாமல் பார்க்க வழி கொடுத்தது, கல்கத்தாவில் நடந்த ஒரு கண்டுபிடிப்பு.

திருச்சியில் பிறந்த சி. வி. ராமன், 1907-ல் கல்கத்தாவுக்குப் போனது விஞ்ஞானியாக அல்ல. அரசாங்கக் கணக்குத் துறை அதிகாரியாக. காலையில் ஆபீஸுக்குப் போகுமுன்பும், மாலையில் வேலை முடிந்த பின்பும், பௌபஜார் தெருவில் இருந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தில் ஆராய்ச்சி செய்தார். 1917-ல் அதிகாரி வேலையை விட்டு, அதைவிடக் குறைந்த சம்பளத்துக்குப் பேராசிரியர் ஆனார்.

அவரும் வத்திராயிருப்புக்காரரான கே. எஸ். கிருஷ்ணனும் சேர்ந்து செய்த ஆராய்ச்சியில், 1928 பிப்ரவரி 28-ல் 'ராமன் விளைவு' உறுதியானது. 1930-ல் ராமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அது என்ன விளைவு? மண்பானை வாங்குகிறவர்கள் விரலால் தட்டிப் பார்ப்பார்கள். நல்ல பானைக்கு ஒரு ஓசை. கீறல் விட்ட பானைக்கு வேறு ஓசை. பானையை உடைக்க வேண்டியதில்லை. ஒளியும் அப்படித்தான் பொருளின் மூலக்கூறைத் தட்டுகிறது. சிதறி வரும் ஒளியில் மிகப் பெரும் பகுதி போன நிறத்திலேயே திரும்புகிறது. சுமார் ஒரு கோடியில் ஒரு பங்கு மட்டும் நிறம் மாறி வருகிறது. கொழுப்புக்கு ஒரு மாதிரி, புரதத்துக்கு வேறு மாதிரி என்று இந்த மாற்றம் கைரேகை போலப் பொருளைக் காட்டிக் கொடுக்கிறது.

சிவப்பு ஒளி கை கொடுத்தது

1990-ல் ஹாலந்தின் ட்வென்ட்டே பல்கலைக்கழக விஞ்ஞானி பப்பல்ஸும் அவருடைய சகாக்களும் மைக்ராஸ்கோப்பையும் ராமன் விளைவையும் இணைத்த ஒரு கருவியை அறிவித்தார்கள். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள இடத்தைக்கூட அது தனியே படித்தது. அவர்கள் சோதித்தவற்றில் மனிதனின் ஈஸினோபிலும் ஒன்று. எர்லிக் சாயமேற்றிப் பெயர் வைத்த அதே அணு, 111 ஆண்டுகளுக்குப் பிறகு சாயமின்றித் தன்னை அடையாளம் காட்டியது!

எல்லா ஒளியும் இதற்கு உதவவில்லை. பச்சை லேசர் ஒளி பட்டபோது அணு சிதைந்தது. சிவப்பு லேசரில் சிதைவு தெரியவில்லை.

1993-ல் அதே குழுவினர் லிம்போசைட் என்னும் வெள்ளை அணுக்களில், காரட்டுக்கு நிறம் தரும் பொருளின் இனத்தைச் சேர்ந்த கரோட்டினாய்டுகள் இருக்கும் இடத்தைக் கண்டார்கள். கிருமியை எதிர்க்க லிம்போசைட் முடுக்கிவிடப்படும்போது உள்ளே நேரும் ரசாயன மாற்றங்களையும், கொழுப்பை விழுங்கும் அணுவில் கொழுப்புத் துளிகள் சேர்வதையும் பின்னர் வந்த ஆராய்ச்சிகள் இதே முறையில் கண்டன.

குறைகளும் உண்டு

கோடியில் ஒன்றைப் பொறுக்குவது பொறுமையான வேலை. ஒரு அணுவை முழுதாகப் படிக்க நேரம் பிடித்தது. 2008-ல் அமெரிக்காவின் ஹார்வர்டில், இரண்டு லேசர்களைச் சேர்த்துப் பாய்ச்சி இந்த ஒளியைப் பெருக்கும் முறை வந்தபின் வேகம் கூடியது. ஆனாலும் ஒளி உடம்புக்குள் ஆழமாகப் போகாது. தவிர, மருத்துவமனையின் சாதாரண ரத்தப் பரிசோதனைக்கு இது மாற்றாகிவிடவில்லை. டாக்டர் எழுதித் தரும் பரிசோதனையை யாரும் தள்ளிப்போட வேண்டாம்.

ராமன் 1970 நவம்பர் 21-ல் பெங்களூரில் காலமானார். அவர் கண்ட ஒளி வெள்ளை அணுவுக்குள் புகுந்தது அதற்கு இருபது ஆண்டுகள் கழித்து. மருந்து கொடுத்த பிறகு ஈஸினோபில் குறைந்ததா என்று மட்டுமல்ல, மிச்சம் இருப்பவை அடங்கினவா என்றும் டாக்டர் தெரிந்துகொள்ளும் நாள் வந்தால், அதில் கல்கத்தாவில் கணக்குப் பார்த்த அந்தத் திருச்சிக்காரருக்கும் பங்கு உண்டு.