மதுவும் பொது இடமும்

மதுவைப் பற்றிப் பேசப் புகுவோர் இரு வழிகளில் பேசுவதுண்டு. குடிப்பவனுடைய மனத்தை நோக்கிப் பேசுவது ஒன்று. குடிக்கும் இடத்தை நோக்கிப் பேசுவது மற்றொன்று. கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரமே வகுத்த திருவள்ளுவர் முதல் வழியை மேற்கொண்டார். ஊராட்சி நடத்தும் சபைகளுக்கு உரியது இரண்டாவது வழியாகும். ஒருவன் குடிக்கலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்வது சபையின் வேலையன்று. பூங்காவிலும் விளையாட்டு மைதானத்திலும் பஸ் நிலையத்திலும் அவன் குடித்தால், அதே இடத்தில் உரிமையுடைய ஏனையோரின் நிலை என்ன என்று கேட்பதே அதன் வேலை.

இக்கேள்வி பெருநகரங்களுக்கு மட்டும் உரியதென்று எண்ணுவது தவறு. மலைநாட்டின் வாயிலில் இருக்கும் கினிகத்தேனையை எடுத்துக்கொள்வோம். அவிசாவளையிலிருந்து யட்டியாந்தோட்டை, கித்துல்கல வழியாக மலையேறும் பெருஞ்சாலை இவ்வூரைத் தொட்டு, வட்டவளை வழியாக ஹட்டனை நோக்கிச் செல்கிறது. நாவலப்பிட்டிப் பாதையும் இங்கேதான் வந்து கூடுகிறது. டிசம்பர் மாதப் பூரணை முதல் வெசாக் பூரணை வரை சிவனொளிபாதமலை யாத்திரிகர்கள் இவ்வழியே திரள் திரளாகச் செல்வர். அபர்டீன் நீர்வீழ்ச்சியைக் காண வரும் உல்லாசப் பயணிகளும் உண்டு. இவர்களோடு, பள்ளிவிட்டு பஸ்ஸுக்குக் காத்துநிற்கும் பிள்ளைகளும், சம்பள நாளில் சாமான் வாங்க இறங்கிவரும் தோட்டத்துப் பெண்களும் அதே தெருவோரத்தில்தான் நிற்கிறார்கள்.

நுவரெலியாவிலுள்ள விக்டோரியா பூங்காவுக்கு வேலியுண்டு, வாயிலுண்டு, நுழைவுச் சீட்டுண்டு. மாநகர சபையின் ஊழியர்களும் உண்டு. அங்கே விதியை நடைமுறைப்படுத்துவது எளிது. மலைப்பாதையின் வளைவுக்கும், அருவிக்கரைப் பாறைக்கும், தோட்டத்து மைதானத்துக்கும் வேலி ஏது? காவலாள் ஏது? ஆயினும் ஊரார் இளைப்பாறும் பூங்கா அவைதாம். உடைந்த போத்தல் தேயிலைச் செடிகளுக்கிடையே வீசப்பட்டுக் கிடந்தால், அது கொழுந்தெடுக்கும் பெண்ணின் காலைக் கிழிக்குமேயன்றி, அதை வீசியவனின் காலையன்று.

சட்டம் இதுபற்றி என்ன கூறுகிறது? இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை, வெறிமயக்கத்தில் பொது இடத்துக்கு வந்து பிறருக்குத் தொல்லை தருவதைக் குற்றமாக்கியது. அப்பிரிவு தண்டிப்பது குடியை அன்று. குடித்தவன் விளைக்கும் தொல்லையையே. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் மதுவை உற்பத்தி செய்வதற்கும் விற்பதற்கும் அனுமதிப்பத்திர முறையை வகுத்தது. அதையொட்டித் தவறணைகள் பெருகியபோது நாடெங்கும் மதுவிலக்கு இயக்கம் கிளர்ந்தெழுந்தது. பிற்காலத்தில் நாட்டின் முதற் பிரதமரான டி. எஸ். சேனநாயக்கவும் அவர் தமையனார் எப். ஆர். சேனநாயக்கவும் அவ்வியக்கத்தின் முன்னணியில் நின்றனர். பின்னர் உள்ளூர் மக்களே வாக்களித்துத் தங்கள் பகுதித் தவறணையை மூடிவிடும் முறையும் வந்தது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்பதையும் மது விளம்பரத்தையும் தடைசெய்தது.

இவையனைத்தும் நாடு முழுவதற்கும் பொதுவான ஏற்பாடுகள். பூங்கா, மைதானம், சந்தை போன்றவற்றில் ஒழுங்கு காப்பதற்குத் துணைவிதிகளை ஆக்கும் அதிகாரம் உள்ளூராட்சிச் சபைகளிடம் இருக்கிறது. அவ்விதிகள் உரிய அங்கீகாரம் பெற்று வர்த்தமானியில் வெளியான பின்னரே வலுப்பெறும். மக்களின் வசதியையும் நலனையும் பேணுவது சபையின் கடமை என்று 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் கூறுகிறது. ஆகவே, பொது இடத்து மதுவைப் பற்றி என்ன செய்வது என்பது சபையின் முன்னுள்ள தெரிவாகும்.

அத்தெரிவை வேறு நாடுகள் எவ்வாறு செய்தன என்று பார்ப்பது பயன் தரும். சிங்கப்பூரில் 2013 டிசம்பர் 8ஆம் நாள், லிட்டில் இந்தியா பகுதியில் தமிழகத் தொழிலாளி ஒருவர் பஸ்ஸில் அடிபட்டு இறந்ததைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. 2015ஆம் ஆண்டில் அந்நாடு புதிய சட்டம் ஒன்றை இயற்றி, இரவு 10.30 மணி முதல் காலை 7 மணி வரை பொது இடங்களில் மது அருந்துவதைத் தடைசெய்தது. லிட்டில் இந்தியா, கேலாங் ஆகிய பகுதிகளில் இத்தடை வார இறுதி முழுவதற்கும் நீடிக்கிறது. விதி தெளிவானது; சந்தேகத்துக்கு இடமில்லாதது. ஆயினும் தங்குவிடுதியில் நெருங்கி வாழும் கூலித் தொழிலாளிக்கும், சொந்த வீட்டில் விருந்து நடத்தும் செல்வனுக்கும் அவ்விதி ஒரே அளவில் பாரமாகிறதா என்பது சிந்திக்கத்தக்கது.

இங்கிலாந்து வேறு வழியைத் தேடியது. கவென்ட்ரி நகரம் 1988ஆம் ஆண்டிலேயே நகரின் நடுப்பகுதியில் தெருவில் குடிப்பதற்கு எதிராகத் துணைவிதி ஒன்றைப் பரீட்சித்துப் பார்த்தது. அந்நாட்டில் 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தொல்லை நேரும் ஓர் இடத்தைக் குறித்து உள்ளூர்ச் சபை கட்டளை பிறப்பிக்கலாம். அவ்விடத்தில் குடிப்பதை நிறுத்தும்படி அதிகாரி பணிக்க, அப்பணிப்பைத் தக்க காரணமின்றி மீறினால்தான் குற்றமாகும். அமைதியாக இருப்பவனை விட்டுவிட்டுத் தொல்லை செய்பவனைத் தடுக்க இம்முறை உதவுகிறது. ஆனால் யாரைத் தடுப்பது, யாரை விடுவது என்பது அதிகாரியின் மனச்சாட்சியில் தங்கியிருக்கிறது. அவர் பாரபட்சம் காட்டினால், கார் வைத்திருப்பவன் தப்புவான். கால்நடையாக வந்தவன் அகப்படுவான்.

இனிக் கினிகத்தேனைக்கும் அதைச் சூழ்ந்த தோட்டங்களுக்கும் வருவோம். இங்கே முதலில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. பூங்காவிலிருந்தும் தெருவோரத்திலிருந்தும் விரட்டப்பட்ட போத்தல் எங்கே போகிறது? அது வீட்டுக்குப் போகிறது. வீடென்பது பழைய லயங்களில் ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான ஒரு காம்பராவும் முன்னே ஒரு சிறு விறாந்தையுமேயாகும். அங்கேதான் பிள்ளை படிக்கிறது. அங்கேதான் தாய் சமைக்கிறாள். முதியோர் படுப்பதும் அங்கேதான். தெருவிலே தொல்லை என்று கருதப்பட்ட செயல், அந்த ஒற்றைக் காம்பராவுக்குள் நுழைந்தவுடன் தொல்லையற்றதாகிவிடுமா? முன்பு வழிப்போக்கர் கண்டு முகஞ்சுளித்ததை இப்போது மனைவியும் மக்களும் மட்டும் காண்கிறார்கள். அவர்களுடைய முறைப்பாட்டைக் கேட்க அங்கே எந்தக் காவலாளும் இல்லை.

தோட்ட மக்கள் இத்தகைய விதிகளை ஆக்குவதில் நெடுங்காலம் பங்கின்றி இருந்தனர் என்பதும் மறக்கத்தகாதது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுள் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 2003ஆம் ஆண்டில்தான் எஞ்சியோருக்கும் பிரஜாவுரிமை வழங்க வழி பிறந்தது. வாக்குரிமை வந்த பின்னும், தோட்டங்களுக்குள் நிதியைச் செலவிடப் பிரதேச சபைகளுக்குச் சட்டம் தடையாக நின்றது. அத்தடை 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் நீங்கியது. அதே ஆண்டு நடந்த தேர்தலில், உள்ளூராட்சிச் சபைகளின் உறுப்பினர்களில் நூற்றுக்கு 25 பேர் பெண்களாக இருக்கவேண்டும் என்ற ஏற்பாடு முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. குடியினால் அதிகம் துன்புறுவோர் பேசுவதற்கு இப்பொழுது ஒரு மன்றம் கிடைத்திருக்கிறது.

அம்மன்றம் என்ன செய்யலாம்? விதி வேண்டும் என்பதில் ஐயமில்லை. சிறுவர் விளையாடும் இடத்திலும், பஸ் நிலையத்திலும், யாத்திரிகர் தங்கும் இடத்திலும் மதுவுக்கு இடமில்லை என்று தெளிவாக வரையறுத்து, தமிழிலும் சிங்களத்திலும் அறிவித்தல் பலகை நாட்டவேண்டும். அருவிக்கரைகளில் இது உயிர்காக்கும் விதியுமாகும். வெறிமயக்கமும் வழுக்குப் பாறையும் சேர்ந்தால் விளைவு என்னவென்று சொல்லவேண்டியதில்லை. மீறுவோரைச் சிறைக்கு அனுப்புவதைக் காட்டிலும், அவர்கள் அழுக்காக்கிய இடத்தை அவர்களைக் கொண்டே துப்புரவு செய்விப்பது மேலானது. 1999ஆம் ஆண்டின் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம், சிறைக்குப் பதிலாகச் சமூக சேவையை விதிக்க நீதிமன்றங்களுக்கு வழி தந்திருக்கிறது. இந்தியாவிலும் 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய தண்டனைச் சட்டம், பொது இடத்தில் வெறித்துத் தொல்லை செய்பவனுக்குச் சமூக சேவையையும் ஒரு தண்டனையாகச் சேர்த்துள்ளது.

ஆனால் விதி பாதி வேலையே. வேலை முடிந்த தொழிலாளி மழைக்கு ஒதுங்கி நாலு பேருடன் பேசியிருக்க ஒரு கூரை வேண்டும். விளக்கெரியும் மைதானமும் வாசிகசாலையும் வேண்டும். அவை இல்லாத ஊரில், மாலையில் திறந்திருப்பது மதுக்கடை ஒன்றுதான் என்றால், அங்கே கால்கள் போவதில் வியப்பென்ன? குடியை விட விரும்புபவனுக்குத் தோட்டத்து வைத்தியசாலையிலேயே உதவி கிடைக்கவேண்டும். அனுமதிபெற்ற கடையை ஒடுக்கிவிட்டுக் கசிப்பைக் கண்டுங்காணாமல் விடுவதும் நோயை உள்ளே தள்ளுவதாகவே முடியும்.

ஒரு பூங்காவில் மது அருந்தக்கூடாது என்று பலகை எழுதுவதற்கு ஒரு நாள் போதும். அதே பூங்காவில் மாலை வேளையில் ஒரு தாய் தன் பிள்ளையுடன் அச்சமின்றி வந்து அமரும்படி செய்வதற்கு ஆண்டுகள் பல ஆகும். முன்னதைச் செய்து முடித்ததோடு கடமை தீர்ந்ததென்று எண்ணும் சபை, மதுவை இடம்மாற்றியதாகுமேயன்றிக் குறைத்ததாகாது. ஊரின் பொது இடம் சீர்பெற்றதா என்பதை அவ்விடத்தில் மட்டும் பார்த்து அறிய முடியாது. லயத்துக் காம்பராவில் அன்றிரவு அமைதி நிலவியதா என்பதையும் சேர்த்துப் பார்த்தே அறிய முடியும்.