கேட்டு வாங்கியவரே காக்க வேண்டும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் புதிதாக வேலைக்குச் சேருகிறவர் முதல் வாரத்திலேயே தன் ஆதார் நகலை நாலைந்து பேரிடம் கொடுத்துவிடுகிறார். ஆள் எடுக்கும் கான்ட்ராக்டருக்கு ஒன்று, வீட்டுக்காரருக்கோ ஹாஸ்டல் வார்டனுக்கோ ஒன்று, சிம் கார்டு கடைக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று. பல இடங்களில் ஜெராக்ஸ்கூடக் கேட்பதில்லை. "வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க" என்கிறார்கள். முதல் சம்பளம் வருவதற்குள் கையைக் கடிக்கிறது. அவசரத்துக்கு ஒரு கடன் செயலியை இறக்கினால், அது போனில் உள்ள எண்களையும் புகைப்படங்களையும் பார்க்க அனுமதி கேட்கிறது. அவசரத்தில் இருப்பவர் அதையும் கொடுத்துவிடுகிறார்.

ஆவடியிலும் பூந்தமல்லியிலும் இதே நிலைதான். அடுக்குமாடிச் சங்கத்தின் குழுவில் குடியிருப்போரின் பெயர், கதவு எண், செல்பேசி எண் எல்லாம் ஒரே பட்டியலாகச் சுற்றுகின்றன. டியூஷன் சென்டரின் பக்கத்தில் பிள்ளைகளின் படம் பள்ளிப் பெயரோடும் மதிப்பெண்ணோடும் வருகிறது. ஏதாவது விபரீதம் நடந்துவிட்டால் மட்டும் ஊர் பாதிக்கப்பட்டவரைப் பார்த்துக் கேட்கிறது: "நீ ஏன் படத்தைப் போட்டாய்? நீ ஏன் நம்பரைக் கொடுத்தாய்?"

அந்தக் கேள்வி போக வேண்டிய இடம் வேறு. விவரத்தை வாங்கி வைத்துக்கொண்டவர் அதை ஏன் காக்கவில்லை, திருடிப் பரப்பியவர் யார், தடுக்க வேண்டியவர்கள் எங்கே இருந்தார்கள் என்றுதான் கேட்க வேண்டும். இந்தியச் சட்டமும் மெல்ல மெல்ல அந்தத் திசையில்தான் நகர்ந்து வருகிறது. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அரசியல் சாசனம் தரும் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அந்த வழக்கைத் தொடுத்தவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி. தன்னைப் பற்றிய எதை யாரிடம் சொல்வது என்று முடிவு செய்யும் உரிமை அந்தத் தீர்ப்பின்படி லேத் பட்டறைத் தொழிலாளிக்கும் உண்டு, கல்லூரி மாணவிக்கும் உண்டு.

கடனுக்கு ஈடாகத் தொடர்புப் பட்டியல்

கொரோனா முடக்கத்தில் வருமானம் இழந்தவர்களைக் குறிவைத்து உடனடிக் கடன் செயலிகள் பெருகின. 2021 ஜனவரி தொடக்கத்தில், இப்படிச் செயலிகளை நடத்திய கும்பல் ஒன்றைப் பிடித்ததாகச் சென்னை மத்தியக் குற்றப்பிரிவு அறிவித்தது. கைதான நான்கு பேரில் இரண்டு பேர் சீனர்கள். பெங்களூரில் இருந்த கால் சென்டர் ஒன்றிலிருந்து கடன்தாரர்களை அழைத்து மிரட்டியிருக்கிறார்கள்.

இதன் சூத்திரம் எளிது. கடன் சில ஆயிரம் ரூபாய்தான். நகையோ பத்திரமோ ஈடாகக் கேட்பதில்லை. போனில் உள்ள தொடர்புப் பட்டியலே ஈடு. தவணை தவறினால் அம்மா, அண்ணன், மேனேஜர், பழைய டீச்சர் என்று பட்டியலில் இருக்கிற எல்லோருக்கும் செய்தி போகும். சில வேளைகளில் கடன் வாங்கியவரின் படத்தை ஆபாசமாக மாற்றியும் அனுப்புவார்கள். வட்டியைவிட அவமானத்துக்குப் பயந்துதான் பலர் மறுபடி மறுபடி பணம் கட்டினார்கள்.

இதற்கு ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் வெளியிட்ட டிஜிட்டல் கடன் நெறிமுறைகளில் தடை போட்டது. கடன் செயலி எதுவும் போனின் கோப்புகள், புகைப்படங்கள், தொடர்புப் பட்டியல், அழைப்பு விவரங்கள் ஆகியவற்றைத் தொடக்கூடாது. கேமரா, மைக், இருப்பிடம் ஆகியவற்றை அடையாளச் சரிபார்ப்புக்காக ஒரே ஒரு முறை, கடன் வாங்குபவரின் வெளிப்படையான சம்மதத்தோடு பயன்படுத்தலாம். ஆகவே தொடர்புப் பட்டியலைக் கேட்கிற கடன் செயலி, கேட்கிறபோதே விதியை மீறிவிட்டது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் எந்தெந்தச் செயலிகள் வழியாகக் கடன் தருகின்றன என்ற பட்டியல் 2025 ஜூலை முதல் ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் இருக்கிறது. இறக்குவதற்கு முன் ஒரு முறை பார்த்துவிடலாம்.

மிரட்டல் தொடங்கிவிட்டால் பணம் கட்டுவதால் அது நிற்காது. செயலிக்குக் கொடுத்த அனுமதிகளை போன் செட்டிங்ஸில் ரத்து செய்யுங்கள். நெருங்கியவர்களிடம் நடந்ததை நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள்; மிரட்டுகிறவருக்கு இருக்கும் ஒரே பலம் அப்போது போய்விடும். பிறகு புகார் கொடுங்கள்.

படம் பரவுகிற வேகம்

இணையத்தில் பெண்ணைத் துன்புறுத்தியவருக்கு நாட்டில் கிடைத்த தொடக்ககாலத் தண்டனைகளில் ஒன்று சென்னையில் கிடைத்தது. யாகூ குழு ஒன்றில் ஒரு பெண்ணைப் பற்றி ஆபாசமாக எழுதி அவருடைய எண்ணையும் போட்டவர் மீது 2004 பிப்ரவரியில் புகார் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் எழும்பூர் நீதிமன்றம் அவருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. காவல்துறை மனம் வைத்தால் முடியும் என்பதற்கு அது சான்று.

மனம் வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை 2016 ஜூனில் சேலம் மாவட்டம் காட்டியது. 21 வயதுப் பெண்ணின் முகத்தை ஆபாசப் படத்தோடு ஒட்டி யாரோ முகநூலில் போட்டார்கள். தந்தை புகார் கொடுத்தார். படத்தை நீக்க நாட்கள் ஓடின. அதற்குள் இரண்டாவது படமும் வந்தது. அந்தப் பெண் தற்கொலை செய்துகொண்டார். சைபர் பிரிவுக் காவலர் ஒருவர் செல்பேசியை லஞ்சமாக வாங்கினார் என்ற புகாரும் எழுந்தது. மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். ஒரு குடும்பம் தன் மகளை இழந்த பிறகு வந்த மன்னிப்பு அது.

இன்று விதிகள் கடுமையாகியிருக்கின்றன. ஒருவரின் அனுமதி இல்லாமல் அந்தரங்க உறுப்புகளைப் படம் எடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்படி மூன்று ஆண்டுவரை சிறைக்குரிய குற்றம். பெண்ணின் அந்தரங்கத்தை ஒளிந்து படம் எடுப்பதைப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவும், இணையத்தில் பின்தொடர்ந்து தொல்லை தருவதை 78ஆம் பிரிவும் தண்டிக்கின்றன. அந்தரங்கப் படமோ, முகத்தை ஒட்டித் திரித்த படமோ வந்திருக்கிறது என்று பாதிக்கப்பட்டவர் புகார் செய்தால், சமூக ஊடக நிறுவனம் 24 மணி நேரத்துக்குள் அதை நீக்கியாக வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு விதிகள் கெடு வைத்தன.

ஒரு தளத்தில் நீக்கினால் இன்னொன்றில் முளைக்கிறது என்பதுதான் பெரிய வேதனை. 2025 ஜூலையில் பெண் வழக்கறிஞர் ஒருவர் இதே துயரத்தோடு சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினார். அவருடைய அந்தரங்கக் காணொலியை 48 மணி நேரத்துக்குள் எல்லாத் தளங்களிலிருந்தும் நீக்க மத்திய அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவிட்டார். விசாரணை என்ற பெயரில் ஆண் காவலர்கள் பலர் அந்தப் பெண்ணை வைத்துக்கொண்டே அந்தக் காணொலியைப் பார்த்ததையும், ஆவணத்தில் அவர் பெயர் இடம்பெற்றதையும் கண்டித்தார். அந்த வழக்கின் தொடர்ச்சியாக 2025 நவம்பரில் மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சகம், இத்தகைய படங்களை நீக்குவதற்கான நடைமுறையை வெளியிட்டது. 'ஸ்டாப் என்சிஐஐ' என்ற இலவசத் தளமும் உதவும். படத்தை அங்கே அனுப்ப வேண்டியதில்லை. அதன் எண் அடையாளம் மட்டும் உங்கள் போனிலேயே உருவாகி, இணைந்துள்ள நிறுவனங்களுக்குப் போய், படம் மீண்டும் ஏறுவதைத் தடுக்க உதவுகிறது.

காக்க வேண்டியவர்களே கசியவிட்டால்

பொள்ளாச்சி பாலியல் வழக்கு 2019-ல் வெளியே வந்தபோது, புகார் கொடுத்த பெண்ணின் அடையாளத்தைக் காவல்துறையே பொதுவெளியில் சொன்னது. அரசாணையிலும் அது வெளியானது. அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி கொடுத்த பாலியல் புகாரின் முதல் தகவல் அறிக்கை இணையத்தில் கசிந்தது. ஊரே பேசியது குற்றத்தைப் பற்றி. ஆனால் மாணவியின் விவரங்கள் ஆயிரக்கணக்கான போன்களுக்குப் போயிருந்தன. டிசம்பர் 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம், கசிவுக்காக அரசு அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தர வேண்டும் என்றும், அதைப் பொறுப்பானவர்களிடமிருந்து வசூலிக்கலாம் என்றும் உத்தரவிட்டது.

இந்த இரண்டு உத்தரவுகளும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது இரண்டு ஆண்டுவரை சிறைக்குரிய குற்றம். காவல் நிலையத்துக்கும் அது பொருந்தும், அந்த அறிக்கையை "பாவம், இந்தப் பொண்ணு" என்று அனுதாபத்தோடு குழுவில் பகிர்கிற பக்கத்து வீட்டாருக்கும் பொருந்தும்.

ஒருவரைப் பிடிக்க எல்லோரையும் திறக்கலாமா?

இணையத்தில் அவதூறு செய்பவர்களைக் கண்டுபிடிக்க, சமூக ஊடகக் கணக்குகளை ஆதாரோடு இணைக்க வேண்டும் என்று 2018-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குகள் தொடுக்கப்பட்டன. விசாரணை போகப் போக, வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டறிய முடியுமா என்ற கேள்வியாக அது மாறியது. முடியும், வழி உண்டு என்றார் சென்னை ஐஐடி பேராசிரியர் வி.காமகோடி. அப்படிச் செய்தால் அனுப்பியவரும் பெற்றவரும் மட்டுமே படிக்கக்கூடிய பாதுகாப்பு உடைந்துவிடும் என்றது வாட்ஸ்அப். 2019 அக்டோபரில் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. 2021 விதிகளில் முதல் அனுப்புநரைக் காட்டும் கடமை இடம்பெற்றது. அதை எதிர்த்து வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றம் போனது.

பாதிக்கப்பட்டவர்களின் வலி உண்மை. ஆனால் குற்றவாளியின் எண், இணைய முகவரி, கணக்கு விவரம் ஆகியவற்றைச் சட்டப்படி கேட்டுப் பெறும் அதிகாரம் காவல்துறையிடம் ஏற்கெனவே இருக்கிறது. சேலத்தில் குறைந்தது அதிகாரம் இல்லை, அக்கறை. 2024 மே மாதம் தமிழகக் காவல்துறையின் முக அடையாள மென்பொருள் தளத்துக்குள்ளேயே ஊடுருவல் நடந்தது. கோடிக்கணக்கானவர்களின் உரையாடலையும் ஆதாரையும் ஒரே முடிச்சில் கட்டி ஓரிடத்தில் வைத்தால், அது கசிகிற நாளில் யாரிடம் போய் நிற்பது?

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு ஓரளவு பதில் தருகிறது. என் விவரம் எதற்கு, யாரிடம் இருக்கிறது என்று கேட்கலாம், திருத்தச் சொல்லலாம், அழிக்கச் சொல்லலாம். 18 வயதுக்கு உட்பட்டவரின் விவரத்தைப் பெற்றோரின் உறுதிசெய்யத்தக்க சம்மதம் இல்லாமல் பயன்படுத்தக்கூடாது. பாதுகாப்பில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய்வரை. விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் 2027 மே மாதம் முதல் நடைமுறைக்கு வரும்.

குறைகளும் உண்டு. அபராதம் அரசுக் கருவூலத்துக்குப் போகும். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர இந்தச் சட்டத்தில் வழி இல்லை. அரசு தன் அமைப்புகளுக்கு விலக்கு அளித்துக்கொள்ளலாம். தனிநபர் விவரம் என்ற பெயரில் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் சுருக்கப்பட்டிருக்கிறது. குடிமக்களின் அந்தரங்கத்தைக் காக்கிற சட்டம், அதிகாரத்தில் இருப்பவர்களின் கணக்கை மறைக்கத் திரையாகிவிடக்கூடாது.

எந்தக் கதவைத் தட்டுவது?

முதலில் ஆதாரம். பதறிப்போய் அழித்துவிடாதீர்கள். தேதி, நேரம், கணக்கின் முழு இணைப்பு ஆகியவை தெரியும்படி திரைப்பதிவு எடுத்து வையுங்கள். மிரட்டல் வந்த போனையும் மாற்றாமல் வைத்திருங்கள்.

பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். மற்ற எல்லாச் சைபர் குற்றங்களுக்கும் தேசிய சைபர் கிரைம் புகார் தளம் இருக்கிறது.

நேரில் போவதென்றால் இந்தப் பகுதியில் ஒரு குழப்பம் உண்டு. அம்பத்தூர் சென்னை மாநகராட்சியின் ஏழாவது மண்டலம், ஆவடி தனி மாநகராட்சி, பூந்தமல்லி நகராட்சி. ஆனால் காவல்துறைக்கு மூன்றும் 2022 ஜனவரி 1 முதல் இயங்கும் ஆவடி காவல் ஆணையரகத்தின் கீழ் வருகின்றன. "இது எங்கள் எல்லை இல்லை" என்று யாரும் திருப்பி அனுப்ப முடியாது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி எந்த நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்து உரிய இடத்துக்கு அனுப்பியாக வேண்டும். பதிய மறுத்தால் உயரதிகாரிக்கு எழுத்தில் அனுப்பலாம். அதன் பிறகு மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவர்களுக்கு இலவசச் சட்ட உதவி எண் 15100.

சமூக ஊடக நிறுவனத்தின் குறைதீர் அதிகாரி கைவிரித்தால், 30 நாட்களுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையம் வழியாகவே போகலாம். இழப்பீடு வேண்டுமானால் மாநிலத் தகவல் தொழில்நுட்பச் செயலாளர், தீர்ப்பளிக்கும் அதிகாரியாக 5 கோடி ரூபாய்வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கலாம். இணைய மோசடியில் பணம் இழந்த வாடிக்கையாளருக்கு 12.85 லட்சம் ரூபாய் தரும்படி ஒரு தனியார் வங்கிக்கு 2010-லேயே தமிழ்நாட்டில் அப்படி உத்தரவு வந்திருக்கிறது.

2027 மே வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகளும் இருக்கின்றன. ஆதார் கேட்டால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுங்கள். ஜெராக்ஸ் என்றால் எதற்காக, என்றைக்கு என்று குறுக்கே எழுதுங்கள். தொழிற்பேட்டை நிறுவனங்கள், வேலையை விட்டுப் போனவரின் ஆவணங்களை எப்போது அழிப்போம் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். அடுக்குமாடிச் சங்கங்கள் குடியிருப்போர் பட்டியலைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டுச் செயலாளரிடம் மட்டும் வைக்க வேண்டும். பிள்ளையின் படத்தைப் போடுவதற்கு முன் பள்ளியும் டியூஷன் சென்டரும் பெற்றோரிடம் ஒரு கையெழுத்து வாங்க வேண்டும். அடுத்த சங்கக் கூட்டத்திலும் பெற்றோர் ஆசிரியர் கூட்டத்திலும் இவற்றைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.