பசித்தோருக்கு உணவு: பிச்சையல்ல, உரிமை



அறுவடை செய்பவர் வயலின் ஓரக்கதிர்களை விட்டுவிட வேண்டும், சிந்தியதைப் பொறுக்கக் கூடாது, அவை ஏழைக்கும் அந்நியருக்கும் உரியவை என்று லேவியர் நூல் 19ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. நிலத்துக்காரர் மனமிரங்கினால் கொடுக்கலாம் என்றல்ல, விட்டே ஆகவேண்டும் என்பது சட்டம். மோவாபு நாட்டிலிருந்து பெத்லகேமுக்கு வந்த ரூத்து தன் மாமியாரோடு பசியாறியது இந்தச் சட்டத்தின் துணையால்தான்.

நம் நாட்டிலும் இப்படி ஒரு சட்டம் இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், கிராமப்புறத்தில் 75 விழுக்காடு வரையிலும் நகர்ப்புறத்தில் 50 விழுக்காடு வரையிலும் மக்களுக்கு, ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் பெறும் உரிமையைத் தந்தது. மிக வறிய அந்தியோதயா குடும்பங்களுக்கு 35 கிலோ. 2023 ஜனவரி முதல் இது விலையின்றி வழங்கப்படுகிறது.

தமிழகத்தில் ரேஷன் கடை எல்லாருக்கும் பொதுவானது. ஆகவே இது நம் கவலையல்ல என்று நினைக்கத் தோன்றும். ஆனால் நம் ஊர்ப் பனியன் கம்பெனிகளிலும் கட்டட வேலைகளிலும் உழைக்கும் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா சகோதரர்களை நினைத்துப் பார்ப்போம். 'ஒரே நாடு, ஒரே ரேஷன் அட்டை' திட்டத்தில் அவர்கள் இங்கேயே அரிசி வாங்கலாம். ஆனால் சொந்த மாநிலத்தில் அட்டை இருந்தால்தான்!

பலருக்கு ஏன் அட்டை இல்லை? பயனாளிகளின் எண்ணிக்கை 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி சுமார் 81 கோடியோடு நிற்கிறது. 2021இல் நடக்கவேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027க்கு அறிவிக்கப்பட்டது. இடையில் மக்கள் பெருகினார்கள், ஒதுக்கீடு பெருகவில்லை. ஒதுக்கீடு நிரம்பிய மாநிலத்தில் ஒருவர் பெயரை நீக்கினால்தான் இன்னொருவர் பெயரைச் சேர்க்க முடியும். 2011 கணக்கையே பிடித்துக்கொண்டிராமல் வழி காணும்படி உச்ச நீதிமன்றம் 2022இல் மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது. இ-ஷ்ரம் தளத்தில் பதிவுசெய்த தொழிலாளர்களில் சுமார் 8 கோடிப் பேருக்கு அட்டை இல்லை என்பதும் அவ்வழக்கில் வெளிவந்தது.

உணவு மனிதரின் அடிப்படை உரிமைகளுள் ஒன்று என்று திருத்தந்தை புனித 23ஆம் யோவான் 1963இல் தம் 'பாச்செம் இன் தெர்ரிஸ்' சுற்றுமடலில் தெளிவாகக் கூறினார். பசித்தவருக்கு உணவளித்தோமா என்பதே இறுதித் தீர்ப்பின் கேள்வி என்று மத்தேயு நற்செய்தியும் சொல்கிறது. நம் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையினர் கொடுக்கும் அரிசிப் பை ஒரு வாரத்துக்குப் பசி தீர்க்கும். நல்ல சட்டமோ மாதந்தோறும், தலைகுனியாமல் உண்ண வைக்கும். இரண்டும் வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்? நம் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினருக்கு அன்பியம் தோறும் ஒரு கடிதம் எழுதுவோம். இன்றைய மக்கள்தொகைக்கு ஏற்ப ஒதுக்கீட்டை உயர்த்துங்கள். கைரேகை பதியவில்லை என்று முதியவரையும் உழைப்பாளியையும் வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். முன்னறிவிப்பும் விசாரணையும் இல்லாமல் எந்த அட்டையையும் நீக்காதீர்கள் என்று கேட்போம். நம் தெருவில் அட்டையில்லாதவர் யாரென்று தேடி, விண்ணப்பிக்க உதவுவோம்.

பீடத்தில் ஒரே அப்பத்தைப் பகிரும் நாம், அடுத்தவர் தட்டு காலியாயிருக்கப் பார்த்திருக்கலாமா? சிந்திப்போம், செபிப்போம், செயல்படுவோம்.