ரசீதில் வராத செலவு

ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் (ஜே.என்.யு.) நான் எம்.ஏ. படித்தபோது கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 216 ரூபாய். மாதத்துக்குப் பார்த்தால் 18 ரூபாய். நூலகத்துக்கு ஆண்டுக்கு 6 ரூபாய், மருத்துவத்துக்கு 9, மாணவர் சங்கத்துக்கு 15. தில்லியில் படித்தவன் என்று தெரிந்ததும் ஊரில் முதலில் கேட்பது இதைத்தான். "பதினெட்டு ரூபாய்க்கு ஒரு மாசம் பாடம் நடத்துறாங்களா?" என்று வியப்பவர்கள் உண்டு. "எல்லாம் எங்க வரிப்பணம்" என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் பார்ப்பது ரசீதின் ஒரே ஒரு வரியை. அந்த வரியில் பொய் இல்லை. ஆனால் அங்கே சேர்ந்தவர்களில் யார் படிப்பை முடிப்பார், யார் பாதியில் மூட்டை கட்டுவார் என்பது ரசீதில் வராத செலவுகளால் முடிவாகிறது. அவற்றை எழுதி வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

வளாகம் ஏறத்தாழ 1,019 ஏக்கர். கிண்டி தேசியப் பூங்காவைப் போல ஒன்றரை மடங்கு. ஆரவல்லிப் பாறைகள், கருவேலங்காடு, மயில், நீலமான் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. மாணவர்கள் எட்டாயிரத்துச் சொச்சம். 2019 வாக்கில் காவேரி, கோதாவரி, கங்கா, சபர்மதி, ஜீலம் என்று பெரும்பாலும் ஆறுகளின் பெயர் தாங்கிய 18 விடுதிகளில் சுமார் 5,500 பேருக்கு இடம் இருந்தது. அதாவது மூவரில் இருவருக்குக் கட்டில் உண்டு, ஒருவருக்கு இல்லை. ஜே.என்.யு.வில் இடம் கிடைத்துவிட்டது என்று ஊரில் இனிப்பு வழங்குகிறோமே, அது பாதி இடம்தான். விடுதிப் பட்டியலில் பெயர் வந்தால்தான் மீதிப் பாதி.

பட்டியலில் பெயர் வராதவர்கள் வளாகத்தை ஒட்டிய முனிர்காவிலோ பேர் சராயிலோ வாடகைக்குப் போக வேண்டும். சன்னல் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர் கைக்கு எட்டும் சந்துகள் அவை. அங்கே ஓர் அறையில் கட்டில் போட்டுக்கொள்ளவே மாதம் சில ஆயிரங்கள் ஆகும். முன்பணமும் மின்கட்டணமும் தனி. விடுதியிலோ அப்போது வாடகை இருவர் அறைக்கு மாதம் 10 ரூபாய், தனியறைக்கு 20 ரூபாய். பல்கலைக்கழகம் ஓர் ஏழை மாணவருக்குத் தந்த உண்மையான சலுகை 216 ரூபாய்க் கட்டணம் அன்று, இந்தப் பத்து ரூபாய்க் கட்டில்தான் என்பது என் உறுதியான கருத்து. தில்லி மாதிரி நகரத்தில் தங்க இடமில்லாதவருக்கு இலவசக் கல்வியால் ஒரு பயனும் இல்லை.

அடுத்த வரி சாப்பாடு. மெஸ்ஸில் லாபம் கிடையாது. மாதச் செலவைச் சாப்பிட்டவர்களுக்குப் பங்கு பிரிப்பார்கள். நம் ஊர்க் கல்லூரி விடுதிகளில் 'டிவைடிங் சிஸ்டம்' என்பார்களே, அதுதான். மாணவர்களே தேர்ந்தெடுக்கும் மெஸ் கமிட்டி சரக்கு வரவையும் செலவையும் பார்த்துக்கொள்ளும். மாதக் கடைசியில் அறிவிப்புப் பலகையில் பெயர்வாரியாகத் தொகை ஒட்டப்படும். அந்தத் தாளின் முன் கூட்டம் நிற்கும். விரலை வைத்துத் தன் பெயரைத் தேடிப் பிடித்து, வரிசையின் கடைசிக்கு நகர்த்தி, தொகையைப் பார்த்து, பேசாமல் நகர்ந்து போகிறவர்களைக் கவனித்திருக்கிறேன். 2019-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அது மாதம் ஏறத்தாழ 3,000 ரூபாய். அந்த ஆண்டின் கடைசியில் தில்லியில் வெங்காயம் கிலோ 100 ரூபாயைத் தொட்டது. பங்கு பிரிக்கும் முறையில் அப்படிப்பட்ட ஏற்றத்தைத் தாங்கிக்கொள்ள நடுவில் யாரும் இல்லை. அது நேராக மாணவர் தலையில்தான் இறங்கும்.

இந்த 3,000 யாருக்கு எவ்வளவு பெரிய தொகை? 2017-18 ஆண்டறிக்கையின்படி, அந்த ஆண்டு சேர்ந்தவர்களில் சுமார் 40 சதவீதத்தினரின் குடும்ப வருமானம் மாதம் 12,000 ரூபாய்க்கும் கீழே. அப்படியானால் வெளியூரில் படிக்கும் ஒரு பிள்ளையின் சாப்பாட்டுக்கே குடும்ப வருமானத்தில் கால்வாசி போகிறது. ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குக் கீழே உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு எம்.சி.எம். (மெரிட்-கம்-மீன்ஸ்) உதவித்தொகை உண்டு, அப்போது மாதம் 2,000 ரூபாய். மெஸ் பில்லைக் கட்டவே 1,000 குறைந்தது. சோப்பு, ஜெராக்ஸ், செல்போன், குளிருக்கு ரஜாய் என்னும் பஞ்சுப் போர்வை எல்லாம் அந்தப் பள்ளத்துக்கு மேல்தான். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் முதல் டிசம்பரில் தடுமாறுவது இந்த ரஜாய் விஷயத்தில். ஊர்ப் போர்வை அந்தக் குளிருக்குக் காணாது. படிப்பு முடித்துப் போகும் அண்ணன்களும் அக்காக்களும் பழைய ரஜாயையும் வாளியையும் மேசை விளக்கையும் அடுத்து வருகிறவர்களுக்கு விட்டுப் போவார்கள். எந்த உதவித்தொகைப் பட்டியலிலும் வராத பெரிய உதவி அது.

இந்த நிலையில்தான் 2019 அக்டோபர் வந்தது. அந்த மாதம் 14-ஆம் தேதி, 1983-இல் இங்கே எம்.ஏ. முடித்த அபிஜித் பானர்ஜிக்குப் பொருளாதார நோபல் அறிவிக்கப்பட்டது. வறுமை ஒழிப்பு குறித்த ஆய்வுக்காக. சரியாக இரண்டு வாரம் கழித்து, 28-ஆம் தேதி, புதிய விடுதி விதிகள் நிறைவேறின. 10 ரூபாய் வாடகை 300 ஆனது. 20 ரூபாய் 600 ஆனது. திருப்பித் தரப்படும் மெஸ் வைப்புத்தொகை 5,500-லிருந்து 12,000. அதுவரை இல்லாத சேவைக் கட்டணம் மாதம் 1,700.

நாளிதழ்கள் பெரிதாகப் பேசியது வாடகையைப் பற்றி. என்னைக் கேட்டால் கவனிக்க வேண்டியது அந்த 1,700-ஐ. ஆண்டுக்கு 20,400 ரூபாய். கல்விக் கட்டணத்தைப் போல 94 மடங்கு. 216 ரூபாயைத் தொடாமலேயே படிப்பை விலையுயர்ந்ததாக மாற்ற முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டாம். நவம்பர் 11-ஆம் தேதி பட்டமளிப்பு விழா நடந்த அரங்கத்துக்கு வெளியே மாணவர்கள் திரண்டார்கள். மத்திய மனிதவள மேம்பாட்டுத் துறை அமைச்சர் பல மணி நேரம் உள்ளேயே இருக்க நேர்ந்தது. இரண்டு நாளில் வைப்புத்தொகை பழையபடி 5,500 ஆனது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணத்தில் பாதிச் சலுகை என்றார்கள். மாதம் 12,000 சம்பாதிக்கும் எத்தனை வீடுகளில் வறுமைக் கோட்டு அட்டை இருக்கிறது? கூலிக்குப் போகும் அப்பாவும் தையல் வேலை செய்யும் அம்மாவும் சேர்ந்து அந்தத் தொகையைத் தொட்டுவிட்டால் அரசுக் கணக்கில் அவர்கள் ஏழைகள் அல்லர். 2020 ஜனவரி 24 அன்று, பழைய கட்டணத்திலேயே பதிவு செய்துகொள்ளலாம் என்று தில்லி உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு தந்தது.

அந்தப் போராட்டங்களை நினைக்கும்போது இன்னொரு தொகையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2023 நவம்பரில் வந்த ஒழுங்கு விதிகளின்படி, வகுப்புகள் நடக்கும் கட்டடங்களுக்கு 100 மீட்டருக்குள் தர்ணா செய்தால் 20,000 ரூபாய் வரை அபராதம். 216 ரூபாய்க் கணக்கில் அது 92 ஆண்டுக் கல்விக் கட்டணம். மாதம் 12,000 சம்பாதிக்கும் குடும்பத்தின் ஒன்றரை மாத வருமானத்துக்கும் மேல். இப்படி ஒரு தொகை தலைக்கு மேல் இருக்கும்போது வசதியுள்ள வீட்டுப் பிள்ளை கேள்வி கேட்கும், ஏழை வீட்டுப் பிள்ளை ஒதுங்கிப் போகும். ஒரு பல்கலைக்கழகத்துக்கு இது நல்லதல்ல.

போக்குவரத்தில் நிலைமை பரவாயில்லை. சென்னையிலிருந்து புதுதில்லிக்கு 2,182 கிலோமீட்டர். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சுமார் 33 மணி நேரம். சொந்த ஊர் போய்வர மாணவர்களுக்கு ஸ்லீப்பர் வகுப்பில் பாதிக் கட்டணம். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குக் கால்வாசிதான். கல்லூரியில் படிவம் வாங்கிக் கையெழுத்துப் பெற வேண்டும். இது தெரியாமல் முழுக் காசு கொடுத்துப் போய் வருபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். நகருக்குள் போக 615 எண் பேருந்து. மாணவர் பஸ் பாஸ் மாதம் 100 ரூபாய். விடுதி விதிகள் நிறைவேறிய மறுநாள், 2019 அக்டோபர் 29 முதல், தில்லி அரசுப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை என்றானது.

பணத்தில் அடங்காத விலை ஒன்றும் இருந்தது: நேர்முகத் தேர்வு. ஆய்வுப் படிப்புக்கான சேர்க்கையில் எழுத்துக்கு 70, நேர்முகத்துக்கு 30 என்று நெடுங்காலம் இருந்தது. ஒடுக்கப்பட்ட பிரிவு மாணவர்களின் எழுத்து மதிப்பெண்ணுக்கும் நேர்முக மதிப்பெண்ணுக்கும் இடையே தொடர்ந்து வேறுபாடு தெரிகிறது என்று சொன்னது 2016-இல் அப்துல் நாஃபே குழு. நேர்முகத்தை 15 ஆகக் குறைக்கப் பரிந்துரைத்தது. தமிழ் வழியில் படித்துவிட்டு அங்கே போகிறவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. வகுப்பிலும் இதே கதைதான். எம்.ஏ.வுக்கு 64 கிரெடிட், பாடத்துக்கு 4 என்றால் 16 பாடங்கள். ஒவ்வொன்றிலும் டுடோரியல், கட்டுரை, அதை முன்வைத்து விவாதம். மார்க்ஸையும் அம்பேத்கரையும் தமிழில் வாசித்துத் தெளிந்தவர், அதே கருத்தை ஆங்கிலத்தில் தொடங்கி வினைச்சொல்லுக்காகத் தவிக்கும்போது, சரளமாகப் பேசும் இன்னொருவர் அரைகுறைக் கருத்தோடு முன்னே போய்விடுவார். அதே மாணவர் இரண்டாம் ஆண்டில் வகுப்பையே நிறுத்தி விவாதிப்பதையும் பார்த்திருக்கிறேன். அதற்கு அவருக்குத் தேவைப்பட்டது கால அவகாசம். அந்த அவகாசம் மெஸ் பில் கட்ட முடிந்தால் மட்டுமே கிடைக்கும்.

அந்த வளாகத்தில் என் மனம் நிறைந்த கணக்கு மாணவர் சங்கத் தேர்தல்தான். மாணவர் தேர்தல்களுக்கு விதி வகுத்த லிங்டோ குழுவின் வரம்புப்படி ஒரு வேட்பாளர் செலவழிக்கக்கூடியது 5,000 ரூபாய். கையால் எழுதிய சுவரொட்டிகள், துண்டறிக்கைகள், இரவு முழுக்க நீளும் விவாதம். நான்கு ஆண்டு இடைவெளிக்குப் பின் 2024 மார்ச்சில் நடந்த தேர்தலில் 73 சதவீத வாக்குப்பதிவு. ஒரு வார்டு கவுன்சிலர் தேர்தலுக்கு என்ன செலவாகிறது என்று அறிந்தவர்கள் இந்த 5,000-ஐக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கடைசியாக, எம்.ஏ. முடித்து ஆய்வுக்குப் போகிறவர்களின் கணக்கு. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) பெறாத பி.எச்டி. மாணவர்களுக்கு மத்தியப் பல்கலைக்கழகங்களில் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) தரும் தொகை மாதம் 8,000. 2012-இல் அது நிர்ணயிக்கப்பட்டபோது ஜே.ஆர்.எஃப். 16,000, சரிபாதி. பிறகு ஜே.ஆர்.எஃப். 25,000 ஆனது, 2019-இல் 31,000 ஆனது, 2023 ஜனவரி முதல் 37,000 ஆனது. அந்த 8,000 மட்டும் அசையவில்லை. 2015 அக்டோபரில் அதை நிறுத்திவிடப் பார்த்தபோது யு.ஜி.சி. அலுவலக வாசலில் மாணவர்கள் உட்கார்ந்துதான் அதைக் காப்பாற்றினார்கள். பழைய பாதி விகிதம் இருக்க வேண்டுமானால் இன்று 18,500 ரூபாய் தர வேண்டும். யு.ஜி.சி. அதை உடனே உயர்த்த வேண்டும். நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதைக் கேட்க வேண்டும்.