பில் திறக்க ஏன் இத்தனை தாமதம்?

நேற்றுவரை ஒரு நொடியில் திறந்த பில் இன்று பல நிமிஷங்கள் கழித்தே திரையில் தோன்றுமாயின், இயந்திரத்தைப் பழிக்குமுன் தரவுத்தளத்தில் இண்டெக்ஸ் இருக்கிறதா என்று பரிசோதிப்பதே உசிதம். ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரைட்டும் 1972-இல் வெளியிட்ட பி-மரம் என்னும் அமைப்பிலேயே இண்டெக்ஸ் பெரும்பாலும் கட்டப்படுகிறது; அதில் ஒவ்வொரு கணுவும் நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரியக்கூடுமாதலால், ஒரு கோடி வரிகளுள்ள அட்டவணையிலும் மூன்று நான்கு படி இறங்கினாலே வேண்டியது அகப்பட்டுவிடும். இண்டெக்ஸ் இல்லையெனில் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை புரட்ட வேண்டியதுதான்.

எஸ்ஏபி மென்பொருளில் விசித்திரம் என்னவெனில், இண்டெக்ஸின் விவரம் மென்பொருளின் தரவு அகராதியில் பத்திரமாக இருக்க, தரவுத்தளத்தில் அதன் சொரூபம் மட்டும் இல்லாது போகலாம். ஏராளமான தரவை ஏற்றும்போது வேகம் கருதி அதை நீக்கியவர், மீண்டும் அமைக்க மறந்திருப்பார், இது சர்வசாதாரணம். டிபி02 என்னும் திரை இரண்டையும் ஒப்பிட்டு, விடுபட்டவற்றைப் பெயர் சொல்லிக் காட்டிவிடும், எஸ்இ14 என்னும் திரையில் அவற்றை உருவாக்கிக்கொள்ளலாம்.

காணாமற்போனது பிரதான இண்டெக்ஸாயின் விஷயம் வேகத்தோடு நிற்பதில்லை. ஒரே பில் எண்ணில் இரண்டாவது வரி நுழையாமல் தடுத்ததும் அதுவே ஆதலால், அது இல்லாத நாட்களில் இரட்டை வரிகள் தாராளமாய்க் குடியேறிவிடக்கூடும். பிறகு இண்டெக்ஸை அமைக்க முயன்றால், இரட்டிப்பு உண்டென்று தரவுத்தளம் மறுத்துவிடும். எண்வாரியாகத் திரட்டி, ஒன்றுக்கு மேற்பட்டவற்றைப் பிரித்தெடுத்து, எது மெய்யான வரி என்பதைக் கணக்குப் பிரிவினரைக் கேட்டறிந்த பின்னரே மற்றதை நீக்கவேண்டும். பிந்தியதைக் கண்ணை மூடிக்கொண்டு அழித்துவிடும் புரோகிராமரின் துணிச்சல் எனக்கு உவப்பானதன்று. பெரிய அட்டவணையில் இண்டெக்ஸ் உருவாகும்போது, தரவுத்தளத்தின் வகையைப் பொறுத்து, அதில் பதிவு செய்வோர் காத்துநிற்க நேரிடுமாதலால், அந்த வேலைக்கு இரவு நேரமே தக்கது.