நிரை முடிந்த பிற்பகல்கள்

விடியுமுன் பெரட்டு எனும் ஆள் கணக்கெடுப்பு. விளக்கொளியில் உளி ரப்பர் மரப் பட்டையைச் சீவ, பால் மங்குக் கிண்ணத்தில் சொட்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் மரம் வெட்டுபவரின் நாள் இருட்டிலேயே தொடங்கியது. பாலைக் கொட்டகையில் நிறுத்துக் கொடுத்துவிட்டால் பிற்பகல் அவருடையது. மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் ரந்தாவ், லாபு, பகாவ், போர்ட்டிக்சன் வட்டாரத் தோட்டங்களில் வாழ்க்கை இப்படித்தான் ஓடியது. மலேசியத் தமிழ் எழுத்துக்கு அந்தப் பிற்பகல்கள் உரமாயின.

பெண்களுக்கு அதுவும் வாய்க்கவில்லை. நிரையிலிருந்து, அதாவது தங்கள் பங்கு மர வரிசையிலிருந்து, திரும்பியவர்களுக்கு அடுப்பும் துணியும் பிள்ளையும் காத்திருந்தன.

படைப்பாற்றலைப் பிறவி வரம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஒரு படைப்புக்குப் பின்னால் பல கைகள் உழைக்கின்றன என்று அமெரிக்கச் சமூகவியலாளர் ஹோவர்ட் பெக்கர் 1982-இல் ஒரு நூலே எழுதினார். தோட்டத்து எழுத்து அதற்கு நல்ல சாட்சி. தோட்டப்பள்ளி ஆசிரியர் எழுத்தறிவித்தார். தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு வரும் பத்திரிகையை ஒருவர் உரக்கப் படிக்க, எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் கதை கேட்டார்கள். 1924-இல் தோன்றிய 'தமிழ் நேசன்', 1950-இல் கதை வகுப்பு தொடங்கியது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் பத்திரிகை வழியாகவே கதை எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். பின்னர் அந்தப் பத்திரிகையின் ஆசிரியராக இருந்த கு. அழகிரிசாமி இளம் எழுத்தாளர்களைக் கூட்டி இலக்கியம் பேசினார். சிங்கப்பூர் 'தமிழ் முரசு' நாளிதழ் மாணவர் மணிமன்றம் வளர்த்தது.

அறிவியலிலும் இதே கதைதான். மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925-இல் அமைந்தது. அது உருவாக்கித் தன் ஆங்கிலச் சுருக்கப் பெயரையே இட்ட ஆர்.ஆர்.ஐ.எம். 600 ரகத்தை ரப்பர் விளையும் நாடுகள் பலவும் நட்டன. ஒரு ரகம் எவ்வளவு பால் தரும் என்பது, மரத்தைக் காயப்படுத்தாமல் ஆண்டுக்கணக்கில் சீராக வெட்டி, பாலை அளந்து பார்த்தால்தான் தெரியும். ரகத்தின் பெயரில் கழகம் வாழ்கிறது. வெட்டிய கைகளுக்குப் பெயரில்லை.

பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் காலியாகி, குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குப் போயின. 2019-இல் 'தமிழ் நேசன்' நின்றது. பிள்ளைகளின் திறமை எங்கும் போய்விடவில்லை. முதல் கதையை வாங்கிப் படித்துத் திருத்தித் தரும் கைகள்தான் அருகிவிட்டன.

சுவா பெத்தோங், பிராட்வெல், லின்சம் தமிழ்ப்பள்ளிகள் இன்றும் தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. இத்தகைய பள்ளிகளில் வாரம் ஒரு பிற்பகலைக் கதை வகுப்புக்கென்று ஒதுக்குவோம். பாட்டிமாருக்குக் கிடைக்காத அந்தப் பிற்பகல் பேத்திகளுக்காவது கிடைக்கட்டும்.